திரையில் விழாத மாப்பிள்ளை

பிப்ரவரி 3, செவ்வாய்

வீட்டுக்கு ஏசி கேட்டு நான் எழுதிக் கொடுத்து இரண்டு கோடை போய்விட்டது. பரிசீலனையில் இருக்கிறதாம். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் விமானம் நிறுத்தப் புதிதாகக் கட்டிய ஹாங்கரில் மட்டும் ஒரே மாதத்தில் சுவர் சுவராக ஏசி மாட்டிவிட்டார்கள். வரப்போகிற விமானத்துக்கு ஈரம் ஆகாது, தூசி ஆகாது, வெயில் ஒத்துக்கொள்ளாது. கண்டவர்கள் தொடவும் கூடாது. வருவது போர் விமானமா, பெரிய இடத்து மாப்பிள்ளையா என்று மெக்கானிக்குகள் கேட்டார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. இப்போது கமாண்டர்கூட வாய் தவறி மாப்பிள்ளை என்கிறார்.

சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் மேல்தோலுக்கு இனி அவள்தான் பொறுப்பு.

நாங்கள் இருவரும் விமானப்படையில் ஒரே பேட்ச். அவள் பொறியாளர். நான் ராடார் நிலையத்தில் திரை பார்க்கிறவன். கல்யாணம் ஆன பிறகு பெரும்பகுதிக் காலம் அவள் நாட்டின் ஒரு கோடியில் இருக்கும் விமானப் பழுதுபார்ப்பு டிப்போவில், நான் இந்தக் கோடியில். போன மழைக்காலத்தில்தான் ஒரே வீட்டுக்கு வந்தோம். இப்போதும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சமையலறையில் நின்றால், ஊருக்குக் கிளம்புவது யார் என்று மகள் கேட்கிறாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வந்துவிட்டது. இப்போதைக்கு ஒன்று. மற்றவை இது தேறிய பிறகு.

சத்தம் வந்த திசையில் எல்லோரும் பார்த்தோம். அது வேறு திசையில் இருந்தது. இறங்கி, வளைந்து, ஹாங்கர் முன்னால் வந்து நின்றது. கான்டீன்காரர்கூட அடுப்பை அணைத்துவிட்டுப் பார்க்க வந்திருந்தார்.

அதன் உடம்பில் ஒரு விளிம்புகூட தன்னிஷ்டத்துக்குப் போகவில்லை. இறக்கை எந்தச் சாய்வோ அதே சாய்வுதான் வாலுக்கும். சக்கரக் கதவின் ஓரத்தைக்கூட ரம்பப் பல் போல வெட்டி, அதையும் அந்தச் சாய்விலேயே வைத்திருக்கிறார்கள். ஆயுதம் முழுக்க வயிற்றுக்குள். வெளியே ஒரு கொக்கி கிடையாது. எங்கள் ராடார் அனுப்பும் அலையில் பாதியை அந்த வடிவம் எங்கேயோ தள்ளிவிடுகிறது. மீதியைத் தோல் குடித்துவிடுகிறது. திரும்பி வந்து எனக்குச் சேதி சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வானத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கென்றே யாரோ மெனக்கெட்டுச் செய்த ஒரு பொருளை இவ்வளவு ஆசையோடு பார்த்துக்கொண்டு நிற்கலாமா? நின்றேன்.

அடிவயிற்றில் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. அது என்னவென்று, விமானத்தைச் செய்த கம்பெனியிலிருந்து வந்திருந்தவரிடம் கேட்டேன். சாதாரண நாட்களில் அதை மாட்டித்தான் பறக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கே விமானம் தெரியாது என்றார். தெரியாமல் இருப்பதற்கு ஒரு தேசத்தின் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, தெரிவதற்கு ஒரு கட்டியும் சேர்த்து வாங்கியிருக்கிறோம். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நியாயமான ஏற்பாடு. குறித்து மட்டும் வைக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

அவள் வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும். தலைமுடியில் ரப்பர் வாசனை.

பிப்ரவரி 19, வியாழன்

மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில், ஹாங்கரில் அவள் வேலை செய்கிற தோல் கூடத்துக்குள் நுழைந்தேன். செருப்புக்கு உறை, தலைக்கு உறை, கைக்கு உறை. சாப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும் உறை இல்லையென்று வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

இறக்கையின் கீழே ஒரு சின்ன மூடி. அதைத் திறந்து உள்ளே ஒரு பொருளை மாற்ற டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஆனால் மூடிய பிறகு ஒவ்வொரு திருகின் தலையையும் பசை போட்டு நிரப்ப வேண்டும், தேய்த்து மட்டம் பார்க்க வேண்டும், மேல்பூச்சு பூச வேண்டும், அது தன் வேகத்தில் காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு மயிரிழை மேடு நிற்கும். அந்த மேடு என் திரையில் தெரியும். அவள் உறை போட்ட விரலை மூட்டின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்தாள், மகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. என்னை அவள் அப்படித் தொட்டுப் பார்த்து வெகுநாளாகிறது. புகாராகச் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வரவில்லை.

கம்பெனிக்காரர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் தோல் வேலை தங்கள் ஆட்களுக்கே கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

"மேடம், இதெல்லாம் எங்க பசங்ககிட்ட விட்டுடுங்களேன். உங்களுக்கு எதுக்கு இந்த அவஸ்தை?"

"பழக்கம்தான் சார். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள், தலையைத் தூக்காமல்.

வரும் வழியில் விவரம் கேட்டுக்கொண்டேன். அடுத்த மாதம் தேர்வு. மூன்று முறை ராடார்களுக்கு எதிராக மாப்பிள்ளை பறக்கும், அந்தக் கட்டியைக் கழற்றிவிட்டு. இரண்டு முறையாவது யார் கண்ணிலும் படாமல் போய்வந்தால், நம் ஆட்களின் தோல் வேலை தேறியது; விமானம் சேவையில் சேரும்; கூடம் அவள் கையில் இருக்கும். இல்லையென்றால் வேலை கம்பெனிக்கு. கூடத்தைக் கலைத்துவிடுவார்கள். அவள் பழைய டிப்போவுக்கே திரும்ப வேண்டும். உத்தரவை இப்போதே தட்டச்சு செய்து வைத்திருப்பதாக அலுவலகத்தில் பேச்சு.

மகளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

கமாண்டர் கூப்பிட்டார். புதுப் படைப்பிரிவுக்கு அவர்தான் தலைவர். தேர்வில் விமானத்தை ஓட்டப்போவதும் அவரே. அவர் மெதுவாகப் பேசினால் பக்கத்துக் கட்டடத்தில் கேட்கும் என்பதால் எல்லோரும் அவரை இடி என்பார்கள். தேர்வுக்கு மூன்று ராடார் நிலையங்கள் உட்காரப்போகின்றன, அதில் ஒன்றில் நான் என்றார்.

வேறு ஆளைப் போடச் சொன்னேன். ஏன் என்றார். தோல் கூடத்துப் பொறியாளர் என் மனைவி என்று நினைவூட்டினேன்.

"அதனாலதான்யா போடறேன். பொண்டாட்டி வேலையில குறை கண்டுபிடிக்க புருஷனைவிட நல்ல ஆள் யாரு?"

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை என்றேன். அப்படியானால் இப்போது பழகிக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "தெரிஞ்சா சொல்லிடுவ இல்ல?" சொல்லிவிடுவேன் என்றேன். "அப்ப சரி." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டாம் முறை சோறு போடும்போது கரண்டி கொஞ்சம் பலமாகப் பட்டதாக எனக்குத் தோன்றியது. தோன்றியது மட்டும்தான்.

மார்ச் 4, புதன்

முதல் பறப்பு. எந்த வழியில், எப்போது வரும் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பார்த்தால் பார்த்ததைத் தேர்வு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவர் கையில் உண்மையான பாதை இருக்கும், ஒப்பிட்டுக்கொள்வார்.

காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பறவைக் கூட்டம் தெரிந்தது. தூரத்தில் ஒரு பயணிகள் விமானம் தெரிந்தது. மாப்பிள்ளை தெரியவில்லை. மூன்று நிலையத்திலும் தெரியவில்லை.

என் வேலையில் நான் சுத்தமாகத் தோற்ற நாள். வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போனேன்.

மார்ச் 11, புதன்

விழா ஏற்பாடுகள் ஆரம்பம். மாதக் கடைசியில் அமைச்சர் வந்து விமானத்தைச் சேவையில் சேர்க்கிறார். தேர்வு இன்னும் முடியவில்லையே என்று கேட்டால், விழா அதிகாரி அது வேறு துறை என்கிறார்.

விழா அதிகாரி உற்சாகமான மனிதர். விமானத்துக்கு மெழுகு போட்டுப் பளபளப்பாக்கலாமா என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவள் பார்த்த பார்வையில் மெழுகே உருகியிருக்கும். பிறகு, விருந்தினர்கள் நன்றாகப் பார்க்கும்படி விமானம் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் தெரிகிற மாதிரிப் பறக்க முடியுமா என்று கமாண்டரிடம் கேட்டாராம். கமாண்டர் சொன்ன பதில் எங்கள் வீட்டு ஜன்னல் வரை கேட்டது. அதை இங்கே எழுத முடியாது.

விமானியின் அறைக்குக் கீழே, இடது பக்கம், படைப்பிரிவுத் தலைவர் பெயரை எழுதுவது எங்கள் வழக்கம். மாப்பிள்ளைக்கும் உண்டு. அதற்கென்று ராடாரில் படாத மங்கலான பெயின்ட்டை என் மனைவி தோல் கூடத்திலிருந்தே அளந்து கொடுத்திருக்கிறாள். எழுதி முடித்து ஒரு நீலத் துணியால் மூடிவிட்டார்கள். விழாவன்று அமைச்சர் துணியை விலக்குவார். பறக்கும்போது கழற்றுவார்கள், இறங்கியதும் மறுபடி மாட்டுவார்கள். விழா அதிகாரியின் ஆள் ஒருவருக்கு அது மட்டுமே வேலை.

மார்ச் 17, செவ்வாய்

தெரிந்தது.

இரண்டாவது பறப்பு. வடமேற்கில், அறுபது கிலோமீட்டரில், ஒரு புள்ளி. வந்தது, போனது. மறுபடி வந்தது. பறவை இல்லை, பறவை அந்த வேகத்தில் போகாது. விமானம் திரும்புகிறபோது மட்டும் எட்டிப்பார்ப்பதுபோல் இருந்தது.

போனை எடுத்துச் சொன்னேன். திசை, தூரம், வேகம். தேர்வு அதிகாரியின் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"மத்த ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒண்ணும் தெரியலையே. நிச்சயமா பாத்தீங்களா?"

நான் தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார். பறவையாக இருக்கலாம் சார் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். யாரும் என்னைத் தப்பு சொல்லமாட்டார்கள். கூடம் இருக்கும். அவள் இருப்பாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் மாற வேண்டாம், அம்மா முகத்தை போனில் பார்க்க வேண்டாம் —

"பாத்தேன் சார்" என்றேன்.

பாதையோடு பொருந்திவிட்டது.

மார்ச் 18, புதன்

என்ன செஞ்சுட்டேன் நான்? ஒரு வார்த்தைதானே? மத்த ரெண்டு பேரும் பாக்கலையே, நான் மட்டும் எதுக்குப் பாத்தேன்? பாத்தாலும் வாயை மூடிட்டு இருந்தா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?

விழாது. நாளைக்கு நிஜமான எதிரியின் திரையில் அந்தப் புள்ளி தெரியும். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். இது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாள். காலையில் "தண்ணி புடிச்சு வைங்க" என்றாள். நாங்கள் பேட்ச்மேட், நீ, வா, போ தவிர வேறு பேச்சே கிடையாது. அந்த மரியாதையைக் கேட்டு வீட்டில் இருக்கிற குடத்தையெல்லாம் நிரப்பி வைத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம்?"

திரும்பும்போது மட்டும் தெரிந்ததையும், பாதையையும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். இடது பக்கம், முன்பாதி என்றேன்.

"முன்பாதின்னு முதல்லயே சொல்லக்கூடாதா? ரெண்டு நாளா இறக்கையைத் தடவிட்டிருக்கேன்."

பேசவே இல்லையே, எப்படிச் சொல்வது என்றேன். "நான் பேசலன்னா நீயும் பேசமாட்டியா? நல்ல ஆளு." மடித்து வைத்திருந்த துணியிலிருந்து ஒரு சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அது என் சட்டை. சமாதானம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

மதியம் வந்து வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு, மற்றொன்றைக் கழற்றாமல் அப்படியே இருந்தாள்.

"அவர் பேரு" என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். இடது முன்பாதியில் ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு மூடியையும் கருவி வைத்து அளந்திருக்கிறாள். எல்லாம் சுத்தம். அளக்காமல் விட்டது நீலத் துணி மூடியிருந்த அந்த ஓர் இடம்தான். அவளே அளந்து கொடுத்த பெயின்ட் என்பதால் அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. இன்று துணியைத் தூக்கிப் பார்த்தால், கமாண்டர் பெயர் தகதகவென்று மின்னுகிறது.

பெயின்டரைக் கூப்பிட்டுக் கேட்டாளாம். அவர் பாவம், முதலில் கொடுத்த பெயின்ட்டில்தான் எழுதியிருக்கிறார். விழா அதிகாரி வந்து பார்த்துவிட்டு, சார் பேரு கண்ணுக்கே தெரியலையே என்று வருத்தப்பட்டிருக்கிறார். இரண்டாவது பறப்புக்கு முந்தின நாள், அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பெயின்ட் வரவழைத்து, மேலேயே நல்ல கனமாக எழுதச் சொல்லியிருக்கிறார். பதவி, முதலெழுத்துகள், பெயர், கடைசியில் அவர் வாங்கிய பதக்கங்கள். முழம் நீளம்.

தெரியக்கூடாத விமானத்தில் தெரியவில்லை என்பது ஒரு குறையாகிவிட்டது. அதைத் தீர்த்தும் விட்டார்கள். பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து மறைத்த ஒரு பொருளை நம் அலுவலகம் ஒரு டப்பா பெயின்ட்டில் வெளியே கொண்டுவந்துவிட்டது. வேறு எந்த நாட்டு ராணுவத்துக்கும் இந்த வித்தை கிடைத்துவிடக்கூடாது என்பதுதான் என் பயம்.

சுரண்டினால் கீழே இருக்கும் பூச்சும் வந்துவிடும். புதிதாகப் பூசிக் காய வேண்டும். கடைசிப் பறப்புக்கும் விழாவுக்கும் முன்னால் மூச்சுவிடத்தான் நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, படைப்பிரிவுத் தலைவரிடம் போய், உங்கள் பெயரைச் சுரண்டப்போகிறேன் என்று யாராவது சொல்ல வேண்டும்.

"நான் சொல்றேன். நீ வெளிய நில்லு" என்றாள்.

மார்ச் 23, திங்கள்

வெளியே நிற்க முடியவில்லை. அவர் என்னையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

விழா அதிகாரி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அமைச்சர் துணியை விலக்கும்போது அங்கே பெயர் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்றார். விழா முடிந்த பிறகு சுரண்டிக்கொள்ளலாமே என்றார். என் மனைவி அவரைப் பார்க்கவே இல்லை. கமாண்டரிடம் மட்டும் பேசினாள். மூடி மறைக்காமல், ஆனால் யார் மேலும் பழி போடாமல், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் வேண்டும், நடுவில் யாரும் விமானத்தைத் தொடக்கூடாது, ஒத்திகைகூடக் கூடாது என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. கை மட்டும் முதுகுக்குப் பின்னால் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும் தெரிகிற கோணம்.

இடி இடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"என் பேரு உனக்கு எவ்வளவு தூரத்துல தெரிஞ்சுது?"

"அறுபது கிலோமீட்டர் சார்."

"எங்க வீட்டுல பக்கத்து ரூம்ல இருந்து கூப்பிட்டாலே நான் இருக்கறது யாருக்கும் தெரியாது" என்றார். பிறகு என் மனைவியிடம், அவர் குரல் என்று நம்ப முடியாத குரலில், "எடுத்துடும்மா. சுத்தமா எடுத்துடு. எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்கோ. விழா கிடக்கட்டும்" என்றார்.

அந்த ஆளை இத்தனை நாள் சத்தத்தை வைத்து மட்டும் எடை போட்டிருக்கிறேன்.

மார்ச் 25, புதன்

கூடத்திலேயே இருக்கிறாள். மகளுக்குப் பின்னல் போட்டு அனுப்பினேன். பள்ளிக்கூடத்திலிருந்து அவிழ்ந்து வந்தது.

மார்ச் 28, சனி

கடைசிப் பறப்பு. மனசாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதுகிறேன்: கண்டுபிடிக்க என்னால் ஆனதெல்லாம் செய்தேன். கருவியின் கூர்மையைக் கூட்டினேன். வடமேற்கை விட்டுக் கண்ணெடுக்கவில்லை, மற்ற திசைகளையும் விடவில்லை. கொக்குகளைப் பார்த்தேன். மழை வரப்போகும் மேகத்தைப் பார்த்தேன். கண்ணீர் வந்தது, திரையை உற்றுப் பார்த்ததால்.

எப்போது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தேர்வு அதிகாரி.

"சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

"இல்லை சார். இன்னும் கிளம்பலையா?"

"போய்ட்டு வந்தாச்சு. அவர் இறங்கி டீ குடிச்சுட்டு இருக்கார்."

மார்ச் 30, திங்கள்

விழா. நாற்காலி, கம்பளம், வாத்தியம் எல்லாம் ஒழுங்கு. அமைச்சர் நீலத் துணியை விலக்கினார். கீழே, மற்ற இடத்தைவிட ஒரு சாயல் கருமையாக, நீளவாக்கில் ஒரு வெற்றிடம். புதுப் பூச்சு இன்னும் நிறம் சேரவில்லை. அமைச்சர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், இது என்ன என்று கேட்டார்.

"என் பேரு சார்" என்றார் கமாண்டர்.

"ஒண்ணுமே இல்லையே."

"ஆமா சார். அவ்வளவு நல்லா பண்ணியிருக்காங்க."

அமைச்சர் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். விழா அதிகாரி தன் வாழ்க்கையிலேயே வெற்றிகரமான விழா இதுதான் என்று பிறகு சொன்னாராம்.

மாப்பிள்ளை மேலே போனது. வழக்கம்போல எல்லோரும் சத்தம் வந்த பக்கம் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் சரியான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என் சட்டையை இழுத்து, எங்கே எங்கே என்றாள். அம்மா பார்க்கிற பக்கம் பார் என்றேன்.

ஏப்ரல் 16, வியாழன்

தோல் கூடம் நிரந்தரம். அவளுடைய மாற்றல் உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு ஓர் உத்தரவு வந்திருக்கிறது. மற்ற இரண்டு நிலையங்கள் தவறவிட்டதைப் பார்த்த அதிகாரி என்று தலைமையகம் பாராட்டியிருக்கிறது. பதவி உயர்வு. எல்லையோர மலை நிலையம். அங்கே இப்படிப்பட்ட கண்தான் வேண்டுமாம். குடும்பத்தோடு தங்க அனுமதி இல்லை.

அவளிடம் கொடுத்தேன். படித்தாள். மறுபடி படித்தாள். "உன் கண்ணை யாரு இவ்வளவு நல்லா வெச்சுக்கச் சொன்னா?" என்றாள். பிறகு எழுந்து போய் ஸ்வெட்டரை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தையில் பறவை என்று சொல்லியிருந்தால் இருவரும் இங்கேயே இருந்திருப்போம் என்பது அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லவில்லை. நான் அதை எழுதியதோடு சரி.

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜூன் 11, வியாழன்

மலையில் மூடுபனி. மூன்று நாள் போர்ப் பயிற்சி இன்று முடிந்தது. எங்கள் நிலையத்துக்கு எதிராக எந்தப் படைப்பிரிவு வரும் என்று சொல்லவில்லை. மூன்று நாளும் திரையில் கழுகுகள் தெரிந்தன, சரக்கு ஹெலிகாப்டர் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. மாலையில் தலைமையகத்திலிருந்து அறிவிப்பு: இடியின் படைப்பிரிவு மாப்பிள்ளையோடு எங்கள் தலைக்கு மேல் நான்கு முறை போய்வந்திருக்கிறது. நான்கு முறையும் நான் விழித்துத்தான் இருந்தேன் என்பதற்கு உதவியாளர் சாட்சி.

இரவு அவள் கூப்பிட்டாள். போனில் வேலையைப் பற்றி எதுவும் பேசக்கூடாது என்பது விதி. மகளுக்குப் பல் விழுந்ததைச் சொன்னாள். தண்ணீர் வருகிறது என்றாள்.

"அங்க என்ன விசேஷம்?"

"ஒண்ணும் தெரியல" என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஜலதோஷமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஜூன் மாதத்தில், ஏசி இல்லாத வீட்டில்.